வளைகோட்டின் இடமாற்றம்: வீட்டுப் படகுகள் கைக்கருவியிலிருந்து கணினி வெட்டுக்கு வந்த வரலாறு

கணினி வரைகலை பயிலும் மாணவர் எவருக்கும் 'ஸ்பிளைன்' என்ற சொல் தெரிந்திருக்கும். புள்ளிகள் சிலவற்றை வழுவழுப்பான வளைகோட்டால் இணைக்கும் கணிதச் சார்பு அது. 1946இல் ஐசக் ஷோன்பெர்க் என்ற கணிதவியலாளர் அச்சொல்லைத் தம் கட்டுரையில் ஆண்டபோது அது புதுச்சொல் அன்று. இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியா வட்டார வழக்கில் ஒடிசலான மரச்சில்லை அது குறித்தது. பின்னர்ப் படகு, கப்பல் வரைவாளர்களின் மேசைக்கு வந்து, வளைத்து வைத்துக் கோடிழுக்க உதவும் மெல்லிய மரச்சட்டத்தின் பெயராயிற்று. அச்சட்டத்தை இடம் பெயராமல் பிடித்து வைக்க ஈயக் கட்டிகள் உண்டு. அவற்றின் வடிவம் பற்றி வரைவாளர்கள் அவற்றை வாத்து என்றும் திமிங்கிலம் என்றும் அழைத்தனர். மரம் மறைந்து, ஈயம் மறைந்து, சொல் மட்டும் மென்பொருளின் கட்டளைப் பட்டியலில் எஞ்சியிருக்கிறது. 'லாஃப்ட்' என்ற கட்டளையும் அப்படிப்பட்டதே. முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளில் குறுக்குவெட்டுகள் பலவற்றின் மீது ஒரு பரப்பைப் போர்த்தும் செயலுக்கு இன்று அந்தப் பெயர். அதன் பழைய பொருள் பரண். கப்பல் கட்டும் கொட்டகையின் மேல்தளப் பரணில், பலகை பாவிய தரையில், கலத்தின் வடிவத்தை முழு அளவில் வரைந்ததால் அவ்வேலைக்கு இடத்தின் பெயரே ஆகிவந்தது.

இவ்விரு சொற்களின் இடப்பெயர்ச்சிக்குள் ஒரு தொழில்நுட்ப வரலாறு அடங்கியிருக்கிறது. படகின் வளைவு எங்கே முடிவாகிறது, யார் கையில், எந்தப் பொருளின் மீது என்பதே அவ்வரலாற்றின் மையக் கேள்வி. பெருங்கப்பல் கட்டும் துறையைக் காட்டிலும், தம் வீட்டு முற்றத்தில் ஒரு சிறு படகைத் தாமே கட்டிக்கொள்ள முயன்ற பொழுதுபோக்காளரின் வரலாற்றில் அக்கேள்வி கூர்மையாகத் தெரிகிறது. கப்பல் தளத்தில் வேலை பலருக்குப் பிரித்தளிக்கப்படும். வீட்டில் கட்டுபவரோ வரைவாளர், தச்சர், மாலுமி ஆகிய மூவராகவும் ஒருவரே இருந்தாக வேண்டும்.

முதலில் பரண் வரைவின் இயல்பைச் சற்று விரிவாகவே காண வேண்டும். பின்னால் இழந்தது, பெற்றது இரண்டும் அதனோடு ஒப்பிட்டால்தான் விளங்கும். படகின் உடலை வடிவமைப்பாளர் மூன்று பார்வைகளில் காகிதத்தில் வரைவார்: பக்கவாட்டுத் தோற்றம், மேலிருந்து பார்க்கும் பாதியகலத் தோற்றம், குறுக்குவெட்டுகளின் அடுக்கு. அக்காகிதம் உண்மை அளவில் பத்தில் ஒரு பங்கோ அதனினும் சிறிதோ இருக்கும். அதிலிருந்து எடுத்த உயர, அகல அளவுகள் ஓர் அட்டவணையாகத் தரப்படும். ஆங்கில, அமெரிக்க வழக்கில் அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று எண்கள் கோடிட்டு நிற்கும். 3-4-5 என்றால் 3 அடி, 4 அங்குலம், அங்குலத்தின் 8 கூறுகளில் 5. அதன்பின் ஒரு கூட்டல் குறி இருந்தால் மேலும் பதினாறில் ஒரு பங்கு. பயிலாதவருக்கு மறைமொழி போலத் தோன்றும் இந்தக் குறியீட்டைப் படித்து, தரையில் ஆணி அடித்து, ஆணிகளைத் தொட்டுச் செல்லுமாறு நீண்ட சட்டத்தை வளைத்து, கோடு இழுக்க வேண்டும்.

கோடு ஒருபோதும் எண்களுக்கு முற்றிலும் இணங்காது. சிறிய காகிதத்தில் பென்சில் கோட்டின் தடிமன் அளவே உள்ள பிழை, முழு அளவில் விரலளவாகிவிடும். ஒரு பார்வையில் ஆணியை நகர்த்தினால் மற்ற இரண்டு பார்வைகளிலும் அதே புள்ளி நகர வேண்டும். அங்கே புதிய மேடு எழும், மீண்டும் திருத்தம். இந்த ஓயாத சமரசத்தின் முடிவில் கிடைக்கும் மேடுபள்ளமற்ற கோட்டை ஆங்கிலேயத் தச்சர்கள் 'ஃபேர்' என்றனர். அழகு, நேர்மை, குறையின்மை ஆகிய பொருள்கள் அச்சொல்லில் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. அதை உறுதிசெய்யும் கருவி கண். தரையோடு தலை சாய்த்து, சட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனையை நோக்கினால் ஆணி தவறான இடத்தில் நிற்பது தெரிந்துவிடும். மரச்சட்டம் இயல்பாகவே மிகக் குறைந்த வளைவு ஆற்றல் கொண்ட நிலையைத் தேடும் என்பதைப் பின்னாளைய கணிதம் எடுத்துரைத்தது. தச்சருக்கு அக்கோட்பாடு தேவைப்படவில்லை. ஆணியைப் பிடுங்கினால் சட்டம் தானே எங்கே போய் நிற்கிறது என்று பார்த்தால் போதும்.

கண் மட்டுமன்று, கையும் இத்தீர்ப்பை வழங்கியதுண்டு. ரோட் தீவின் பிரிஸ்டல் நகரில் புகழ்பெற்ற பாய்ப்படகுகளைக் கட்டிய நத்தேனியல் ஹெரஷாஃப், கலத்தின் பாதியுடலை மரத்தில் செதுக்கி, அதிலிருந்தே அளவெடுத்தார். அவருடைய தமையனும் தொழிற்கூட்டாளியுமான ஜான் பிரவுன் ஹெரஷாஃப் இளமையிலேயே பார்வை இழந்தவர். அவர் அம்மாதிரிகளைத் தடவிப் பார்த்தே வடிவத்தின் குறைநிறைகளைச் சொல்வார். அதே நத்தேனியல் 1876இல் இரட்டை உடல் கொண்ட 'அமரில்லிஸ்' என்ற படகைக் கட்டி நியூயார்க் போட்டியில் மற்றவற்றை வெகுவாகப் பின்தள்ளினார். அவ்வகைப் படகுக்கு நிலைத்த பெயர் 'கேட்டமரன்'. சோழமண்டலக் கரையில் மரங்களை இணைத்துக் கட்டிய கட்டுமரம், 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பயணிகளின் எழுத்து வழியாக ஆங்கிலத்துக்குள் புகுந்து, பொருள் மாறி அமெரிக்காவில் கரையேறிய கதை சொற்பொருளியலில் தனியே எழுதத்தக்கது.

வீட்டில் படகு கட்டும் ஆர்வம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுத்து வடிவம் பெற்றது. டபிள்யூ. பி. ஸ்டீஃபன்ஸ் 1880களில் பொழுதுபோக்காளர்களுக்கென்றே தோணி, படகு கட்டும் கையேடு ஒன்றை வெளியிட்டார். 1941இல் வந்த ஹோவர்ட் சாப்பெலின் 'போட்பில்டிங்' நூல் இன்றளவும் அச்சில் உலவுகிறது. இந்நூல்கள் தச்சர்களின் வாய்வழி அறிவை வாசகரிடம் கொண்டு சேர்த்தன. ஆயினும் அவை திறந்த வாயில் குறுகியது. பரண் வரைவுக்குப் படகை விட நீளமான தளம் வேண்டும். விலாச்சட்டங்களை நீராவியில் வளைக்க வேண்டும். ஒவ்வொரு பலகையின் வடிவத்தையும், முன்னர்ப் பொருத்திய பலகையின் விளிம்பிலிருந்து அளவெடுத்துத் தனித்தனியே கண்டறிய வேண்டும். படகின் பக்கங்கள் புடைத்திருப்பதால் தட்டையான பலகையின் விளிம்பு நேராக அமையாது, வாழைப்பழம் போலவோ எஸ் எழுத்தைப் போலவோ நெளிந்து போகும். பிறகு வாச்சியும் இழைப்புளியும் கொண்டு அதன் விளிம்புகளைச் சாய்வாகச் சீவ வேண்டும். சாய்வின் கோணம் படகின் நீளம் நெடுக மாறிக்கொண்டே செல்லும். பொழுதுபோக்காளர் பலர் முதல் பலகை ஏறும் முன்பே சோர்ந்தனர். அவர்கள் தோற்ற இடம் பெரும்பாலும் கடலன்று, பரண்தான்.

பொழுதுபோக்காளரை இந்தப் பரணிலிருந்து முதலில் விடுவித்தது பிளைவுட் என்ற பொருள். கணினி வர இன்னும் நெடுங்காலம் இருந்தது. நீரில் பிரியாத செயற்கைப் பசைகள் 1930களில் வந்தன. இரண்டாம் உலகப்போரில் விமானங்களுக்கும் விரைவுப் படகுகளுக்கும் பிளைவுட் பெருமளவில் பயன்பட்டது. போர் முடிந்தபின் அது சந்தைக்கு வந்தது. பிளைவுட் தகட்டுக்கு ஒரு பிடிவாதம் உண்டு: ஒரு திசையில் வளையும், ஒரே நேரத்தில் இரு திசைகளில் வளையாது. காகிதத்தை உருளையாகவோ கூம்பாகவோ சுருட்டலாம், பந்தின் மீது சுருக்கமின்றிப் போர்த்த இயலாது என்பது போன்றதே இது. ஆகவே பிளைவுட் படகின் பரப்பு, கூம்பு உருளை ஆகியவற்றின் துண்டுகளால் ஆனதாக இருக்க வேண்டும். இக்கட்டுப்பாடே வரமாயிற்று. கூம்பை விரித்தால் தட்டையாகும். படகின் பக்கத்தையும் அவ்வாறே முன்கூட்டி விரித்து, தட்டையான தகட்டின் மீது அதன் எல்லைக்கோட்டைத் துல்லியமாக வரைந்துவிட முடியும்.

1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பள்ளியாசிரியர் கென் லிட்டில்டைக் இந்த வாய்ப்பைக் கையாண்டார். பலகை விளிம்புகளில் துளையிட்டுக் கம்பியால் தைத்து, உள்மூலையில் கண்ணாடியிழை நாடாவும் பிசினும் இட்டு ஒட்டி, சிறு தோணிகளை உருவாக்கினார். இம்முறையைப் பெருமக்கள் திரளிடம் கொண்டுசென்றது 'மிரர்' படகு. தொலைக்காட்சியில் வீட்டுப் பழுதுவேலை கற்பித்துப் புகழ்பெற்ற பேரி பக்னெலும் பாய்ப்படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட்டும் சேர்ந்து ஆக்கிய இதனை 'டெய்லி மிரர்' நாளேடு தன் பெயரால் விற்றது. நீளம் 10 அடி 10 அங்குலம். 1963ஆம் ஆண்டின் இலண்டன் படகுக் கண்காட்சியில் அறிமுகமான அதன் கட்டுத்தொகுதியின் விலை 63 பவுண்டு 11 ஷில்லிங். பலகைகள் வெட்டப்பட்டே வந்தன. செம்புக் கம்பியால் தைத்தவுடன் தட்டையான துண்டுகள் ஒன்றையொன்று இழுத்துப் படகின் வடிவத்தைத் தாமே எடுத்துக்கொண்டன. அச்சுச்சட்டம் வேண்டியதில்லை, பரண் வேண்டியதில்லை. சிவப்புப் பாய் விரித்த அப்படகுகள் 70,000க்கு மேல் கட்டப்பட்டன.

தையல் என்றதும் சோழமண்டலக் கரையின் மசூலாப் படகு நினைவுக்கு வருவது இயல்பு. அலை மோதும் கரையில் ஆணியடித்த படகு உடையும் என்பதால், அங்கே பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்தனர். ஆனால் இரண்டையும் ஒரே மரபாகக் கொள்வது பிழை. மசூலாவில் தையலே படகைத் தாங்கும் உறுப்பு. அதன் நெகிழ்ச்சியே படகின் உயிர். மிரரில் தையல் பசை இறுகும் வரை மட்டுமே நிற்கும் சாரக்கட்டு. பிறகு கம்பி வெட்டப்பட்டுவிடும். சொல் ஒன்றாயிருப்பதால் பொருளும் ஒன்றென எண்ணிவிடலாகாது.

அமெரிக்காவில் இதே திசையில் வேறொரு வழி திறந்தது. மெய்ன் மாநிலத்தின் படகுத் தச்சர் ஹெரால்டு 'டைனமைட்' பேசன், வடிவமைப்பாளர் பில் போல்ஜரின் வரைபடங்களைக் கொண்டு 'உடனடிப் படகுகள்' என்ற வகையை 1970களின் இறுதியில் பரப்பினார். வரைபடத்திலேயே ஒவ்வொரு பலகையின் விரித்த வடிவமும் அளவுகளோடு இருக்கும். கட்டுபவர் அளவுகளைப் பிளைவுட் தகட்டில் குறித்து, சட்டத்தை வளைத்துக் கோடிழுத்து, கைரம்பத்தாலோ மின்ரம்பத்தாலோ அறுத்தால் போதும். இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. சட்டம் இன்னும் கட்டுபவரின் கையில்தான் இருக்கிறது. எண் தவறாக அச்சாகியிருந்தால் சட்டம் நெளியும். கண் அதைப் பிடித்துவிடும். வடிவத்தைக் கண்டறியும் பொறுப்பு வடிவமைப்பாளரிடம் சென்றது. கோட்டைச் சரிபார்க்கும் பொறுப்பு கட்டுபவரிடம் தங்கியது. கணினி வெட்டு அந்த இரண்டாவதையும் எடுத்துக்கொண்டது.

அந்தக் கணினி வெட்டின் பிறப்பிடம் படகுத்துறை அன்று, விமானத்துறை. விமானத் தொழிலும் தன் உடல் வடிவங்களைக் கப்பல் தளத்திலிருந்து கடன் வாங்கிய பரண் முறையிலேயே வரைந்து வந்தது. நார்த் அமெரிக்கன் நிறுவனத்தில் முஸ்டாங் போர்விமானப் பணியில் இருந்த ராய் லைமிங், வளைகோடுகளைக் கூம்பு வெட்டுகளின் சமன்பாடுகளாக எழுதும் முறையை வகுத்து 1944இல் நூலாக வெளியிட்டார். கோடு எண்ணாயிற்று. மிச்சிகனின் டிராவர்ஸ் நகரில் ஹெலிகாப்டர் சுழலிதழ்களைச் செய்து வந்த ஜான் பார்சன்ஸ், ஃபிராங்க் ஸ்டூலனோடு சேர்ந்து, வளைவின் மீதுள்ள புள்ளிகளை முன்கூட்டியே கணக்கிட்டு, வெட்டும் எந்திரத்தை எண்களால் நகர்த்தும் எண்ணத்தை முன்வைத்தார். அமெரிக்க வான்படையின் பணத்தில் அவ்வேலை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்குச் சென்றது. 1952இல் துளையிட்ட நாடாவைப் படித்து மூன்று அச்சுகளில் நகரும் எந்திரம் அங்கே இயக்கிக் காட்டப்பட்டது.

இவ்வெந்திரங்களுக்கென்று உருவான ஜி-குறிமொழி, மொழியியல் நோக்கில் விந்தையான ஒன்று. அதில் ஏவல் வினை தவிர வேறு வினை இல்லை. ஜி 00 என்றால் வெட்டாமல் விரைந்து செல். ஜி 01 என்றால் நேர்கோட்டில் வெட்டிச் செல். ஜி 02, ஜி 03 என்றால் வலமாகவும் இடமாகவும் வட்டவில்லில் செல். எம் 03 என்றால் வெட்டுமுனையைச் சுழற்று. எழுவாய் எப்போதும் தோன்றா எழுவாய். கேட்கும் எந்திரம் ஒன்றே. வினாவுக்கும் ஐயத்துக்கும் இடமில்லை. பரண் தளத்துத் தச்சரின் பேச்சோ, சற்று ஏற்று, சற்று இறக்கு, இப்போது பார் என்று திருத்தங்களால் ஆனது. ஒன்று வேலை நடக்கும்போதே உருவாகும் மொழி, மற்றது வேலை தொடங்கும் முன்பே முடிந்துவிட்ட மொழி.

டேவிட் நோபில் 1984இல் வெளியிட்ட 'ஃபோர்சஸ் ஆஃப் புரொடக்ஷன்' இம்மாற்றத்தைப் பற்றிய மிக வலுவான விமரிசன வரலாறு. எண்வழிக் கட்டுப்பாட்டுக்கு அக்காலத்தில் ஒரு மாற்று இருந்தது. தேர்ந்த தொழிலாளி எந்திரத்தைக் கையால் இயக்கும்போது அவ்வசைவுகளை நாடாவில் பதிவுசெய்து, பின்னர் எந்திரம் தானே அவற்றைத் திரும்பச் செய்யும் முறை அது. அம்முறையில் அறிவின் ஊற்றுக்கண் தொழிலாளியின் கையாகவே இருந்திருக்கும். எண்வழி முறை வென்றதற்குத் தொழில்நுட்ப மேன்மை மட்டும் காரணமன்று, வேலைத்தளத்தின் கட்டுப்பாட்டைத் தொழிலாளியிடமிருந்து அலுவலகத்துக்கு மாற்றும் நிர்வாக விருப்பமும் காரணம் என்பது நோபிலின் வாதம். இது படகுகளுக்குப் பொருந்துமா என்ற கேள்விக்குச் சற்றுப் பின்னர் வரலாம்.

பெருங்கப்பல் தளங்களில் மாற்றம் விரைந்தது. நார்வேயில் 1960களில் உருவான 'ஆட்டோகான்' மென்பொருள் கலத்தின் கோடுகளைக் கணினியில் செம்மைப்படுத்தி, எஃகுத் தகடுகளை வெட்டும் எந்திரங்களுக்கான நாடாவை ஆக்கியது. பிரான்சில் சிட்ரோயன் நிறுவனத்தின் பால் த காஸ்தல்ஜோவும் ரெனோ நிறுவனத்தின் பியர் பெசியேவும் ஏறத்தாழ ஒரே காலத்தில், கார்களின் உடல் வளைவுகளுக்கென ஒரே கணிதத்தைத் தனித்தனியே கண்டனர். பரண் தளங்கள் காலியாயின. வீட்டில் கட்டுபவருக்கோ இவையெல்லாம் எட்டாத உலகம்.

1980களில் மேசைக் கணினி அந்த இடைவெளியைக் குறைத்தது. வாஷிங்டன் மாநிலத்தின் போர்ட் டவுன்செண்டில் 'பிக்மி' நிறுவனம் கணினியில் வடிவமைத்த கயாக் தொகுதிகளை விற்கத் தொடங்கியது. ஒரு பரப்பைத் தட்டையாக விரிக்கும் கணக்கைக் கணினி நொடியில் செய்ததால், நான்கைந்து பலகைகளுக்குப் பதில் பல ஒடுங்கிய பலகைகளால் உருண்ட உடலைக் கட்ட முடிந்தது. பிளைவுட் படகு என்றாலே பெட்டி போலிருக்கும் என்ற பழி நீங்கிற்று. மேரிலாந்தின் அனாபலிசில் கிறிஸ் குல்சிட்ஸ்கி தொடங்கிய 'செசபீக் லைட் கிராஃப்ட்' நிறுவனம் இத்தொகுதிகளைப் பெருமளவில் பரப்பியது. முதலில் பலகைகள் வார்ப்புருவைப் பார்த்துக் கையால் வெட்டப்பட்டன. பின்னர்க் கணினிவழி இயங்கும் ரூட்டர் எந்திரம் அவ்வேலையை ஏற்றது.

எந்திரம் என்ன மாற்றிற்று என்பதை ஓர் இணைப்பைக் கொண்டே விளக்கலாம். பிளைவுட் தகடு 8 அடிக்கு 4 அடி. படகு 16 அடி என்றால் தகடுகளை நீளவாக்கில் ஒட்டவேண்டும். பழைய முறை சாய்வு இணைப்பு: இரு தகடுகளின் முனைகளையும் தடிமனைப் போல் 8 மடங்கு நீளத்துக்குச் சரிவாக இழைத்து, ஒன்றன்மேல் ஒன்று படுக்கவைத்து ஒட்டுவது. 6 மில்லிமீட்டர் தகட்டில் சரிவின் நீளம் 48 மில்லிமீட்டர். கூரான இழைப்புளியும் பழகிய கையும் இல்லாதவருக்கு இது பெருஞ்சோதனை. தகடுகள் பசையில் வழுக்கி இடம்பெயர்ந்தால் பலகையின் வளைவே கெட்டுவிடும். கணினி ரூட்டர் வந்தபின் முனைகள் குழந்தைகளின் படப்புதிர்த் துண்டுகள் போல நாக்கும் குழியுமாக வெட்டப்பட்டன. பொருத்தினால் ஒரே ஒரு நிலையில்தான் பொருந்தும். தவறாக ஒட்டுவதற்கு வழியே இல்லை. கையால் அப்படி ஓர் இணைப்பை அறுத்தெடுக்க எவரும் முயலமாட்டார். எனவே எந்திரம் பழைய வேலையை விரைவாகச் செய்தது என்று மட்டும் சொன்னால் போதாது. தனக்கே உரிய வடிவங்களையும் அது கொண்டுவந்தது.

எந்திரத்துக்கும் தன் சுவடு உண்டு. சுழலும் முனை வட்டமானதால் உள்மூலையைச் செங்கோணமாக வெட்ட இயலாது. 6 மில்லிமீட்டர் முனை 3 மில்லிமீட்டர் ஆரமுள்ள வளைவை மூலையில் விட்டுச் செல்லும். அதை உளியால் செதுக்க வேண்டும், அல்லது மூலையில் சிறு குழி விழுமாறு முன்பே வரைய வேண்டும். வெட்டிய துண்டு பறந்துவிடாதிருக்க ஆங்காங்கே சிறு பாலங்கள் விடப்படும். அவற்றைக் கையால் அறுத்துத் தேய்க்க வேண்டும். தகட்டின் தடிமன் பெயரளவில் 6 மில்லிமீட்டர் என்றாலும் ஆலைக்கு ஆலை மாறும். அதற்கேற்பக் காடிகள் இறுகியோ தளர்ந்தோ போகும். கோப்பு தன் அளவில் பிழையற்றது; மரம் கோப்பைப் படிப்பதில்லை.

இவ்வரலாற்றில் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு ஸ்காட்லாந்தில் கிடைக்கிறது. ஃபைஃப் கடற்கரையின் ஆன்ஸ்ட்ரதர் நகரில் ஸ்காட்லாந்து மீன்பிடி அருங்காட்சியகம் இருக்கிறது. ஒருகாலத்தில் அக்கரையின் நிலக்கரிச் சுரங்க ஊர்கள் தங்களுக்குள் படகுப் போட்டி நடத்தின. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் அவ்வழக்கம் மங்கியது. அதை மீட்க விரும்பிய அருங்காட்சியகம், ஊரார் கூடித் தாமே கட்டித் தாமே வலிக்கத்தக்க ஒரு படகை வடிவமைக்குமாறு இயன் ஆட்ரெட்டைக் கேட்டது. ஆட்ரெட் ஷெட்லாந்துக்குத் தெற்கேயுள்ள ஃபேர் தீவின் பழைய தண்டுப்படகு மரபை அடியொற்றி, ஏறத்தாழ 22 அடி நீளமுள்ள, நால்வர் தண்டு வலிக்க ஒருவர் சுக்கான் பிடிக்கும் படகை வரைந்தார். அருங்காட்சியகம் நிற்கும் பழைய தேவாலய இடத்தின் பெயரால் அது 'செயின்ட் ஐல்ஸ் ஸ்கிஃப்' எனப்பட்டது. பலகைகளையும் அச்சுச்சட்டங்களையும் கணினி எந்திரத்தில் வெட்டித் தொகுதியாக்கும் பணியை அலெக் ஜோர்டன் ஏற்றார். முதல் படகு 2009இல் நீரில் இறங்கியது. 2010இல் கடற்கரைத் தண்டுவலிப்புச் சங்கம் அமைந்தது. 2013இல் உல்லபூல் ஊரில் உலகப் போட்டியே நடந்தது. இன்று இவ்வகைப் படகுகள் ஸ்காட்லாந்துக்கு அப்பால் ஆஸ்திரேலியா, அமெரிக்கா வரை பரவியுள்ளன.

ஆட்ரெட் கணினியை நாடாதவர். வரைமேசையில் மரச்சட்டத்தாலும் ஈய வாத்துகளாலும் வரைந்தவர். அவர் கையால் இழுத்த கோடு பிறகு எண்ணாக மாற்றப்பட்டு எந்திரத்துக்குச் சென்றது. பலகைகள் ஒன்றன் விளிம்பை ஒன்று மேவும் அடுக்குப்பலகை முறையில் அமைந்த படகு அது. அம்முறையில் மிகக் கடினமான வேலை ஒவ்வொரு பலகையின் வடிவத்தையும் கண்டறிதல். அதைத் தொகுதி செய்து தந்துவிட்டது. மேவும் விளிம்பின் மாறும் சாய்வை இழைப்புளியால் சீவும் வேலை மட்டும் கட்டுவோரிடமே விடப்பட்டது. ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் செவிலியரும் பள்ளி மாணவரும் ஊர்க்கொட்டகைகளில் மாலைதோறும் கூடி அதைக் கற்றனர். தண்டு, இருக்கை, மேல்விளிம்பு ஆகியவற்றை விதிகளின் எல்லைக்குள் அவரவர் விருப்பப்படி ஆக்கலாம். படகின் உடல் எங்கும் ஒன்றாகவே இருப்பதால் ஊர்களுக்கிடையே சோதனையும் போட்டியும் தண்டின் நீளத்துக்கும் எடைப்பகிர்வுக்கும் இடம்பெயர்ந்தன.

நோபிலின் வாதம் இங்கே எப்படி நிற்கிறது? தொழிற்சாலையில் எந்திரம் தொழிலாளியின் திறனை எடுத்துக்கொண்டது. ஸ்காட்லாந்துக் கடலோர ஊர்களில் எடுத்துக்கொள்ளத் திறன் எஞ்சியிருக்கவில்லை. படகுத் தச்சர்கள் அதற்கு முன்பே அருகிவிட்டனர். எந்திரம் இழப்பின் காரணமாக வரவில்லை, இழப்பு நேர்ந்த பின் வந்தது. இழைப்புளியைத் தொட்டிராத கைகளில் அது இழைப்புளியைக் கொடுத்தது. இந்த அளவில் நோபிலின் சட்டகம் பொருந்தாது. ஆனால் அவர் எழுப்பிய அடிக்கேள்வி அகலவில்லை. பழைய வரைபடத்தை வாங்கியவர், அதன் எண்களைத் தரையில் விரித்தபோது வடிவத்தின் காரணத்தையும் அரைகுறையாகவேனும் அறிந்தார். அணியத்தைச் சற்று உயர்த்தலாமா என்று தாமே எண்ணிப் பார்க்க முடிந்தது. தொகுதியை வாங்குபவருக்குப் பலகை கிடைக்கிறது, கோப்பு கிடைப்பதில்லை. கோப்பு விற்பவரின் சொத்து. முதல் படகைக் கட்டியவர் இரண்டாவதைத் தாமே மாற்றி வரையும் நிலைக்கு உயர்வது, பரண் வழியே வந்தவருக்கு இயல்பாகவும் தொகுதி வழியே வந்தவருக்கு அரிதாகவும் இருக்கிறது. பங்கேற்பு விரிந்தது, வடிவத்தின் மீதான அதிகாரம் குவிந்தது. இரண்டும் ஒருங்கே உண்மை.

இதன் மறுபக்கத்தைக் காட்டும் நிகழ்வு தமிழகத்தின் தென்கோடியிலேயே உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்திலும் அதையொட்டிய கேரளக் கரையிலும் கட்டுமரத்துக்கும் வள்ளத்துக்கும் ஏற்ற பெருமரங்கள் அரிதாகி, விலையேறி வந்த காலத்தில், முட்டத்தில் பெல்ஜியப் பொறியாளர் பியர் ஜிலேயும் உள்ளூர்த் தொழிலாளர்களும் பிளைவுட் படகுகளைச் சோதித்தனர். அலை உடையும் கரையிலிருந்து இறக்கி ஏற்றத்தக்க படகு தேவைப்பட்டது. தைத்து ஒட்டும் அதே முறை இங்கே பொழுதுபோக்குக்கன்று, பிழைப்புக்குப் பயன்பட்டது. அம்முயற்சியின் தடுமாற்றங்களை ஜிலே 1985இல் நூலாகவே எழுதினார். சிறியது கடினம் என்று பொருள்படும் அதன் தலைப்பு, சிறியது அழகு என்ற ஷூமாக்கரின் புகழ்பெற்ற தலைப்புக்கு மறுமொழி. தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு அப்படகுகளைப் பின்னர்த் தன் தளங்களில் பெருமளவில் கட்டியது.

ஸ்காட்லாந்தில் உடல் மாறாது, தண்டு மாறும். முட்டத்தில் உடலே மாறிக்கொண்டிருந்தது. கடலுக்குப் போய்வந்தவர், அணியம் தாழ்ந்திருக்கிறது, அலையில் தலை குத்துகிறது என்றால் அடுத்த படகில் பலகையின் விளிம்பு சில அங்குலம் உயர்த்தி அறுக்கப்பட்டது. கோடு அங்கே தளத்தில், பலகையின் மீது, பயன்படுத்துவோரின் பேச்சுக்கு எட்டும் தொலைவில் இருந்தது. பின்னர் இக்கரைகளில் கண்ணாடியிழைப் படகுகள் பெருகின. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாக அவை பெருந்தொகையில் வழங்கப்பட்டன. கண்ணாடியிழைப் படகு ஓர் அச்சிலிருந்து வார்க்கப்படுவது. அச்சை மாற்றப் பெரும்பொருள் வேண்டும் என்பதால், ஒரே அச்சின் படகே வெவ்வேறு அலையுள்ள கரைகளுக்கும் சென்றது. அங்கே படகின் வடிவத்தைப் பூட்டி வைத்தது கணினிக் கோப்பன்று, ஓர் அச்சுக்கூடு.